காய்ச்சலும் சர்க்கரையும்: 'காரணம்' என்னும் சொல் குறித்துச் சில குறிப்புகள்

1

நண்பரொருவரின் மகளுக்கு ஒன்பது வயது. மழைக்காலத் தொடக்கத்தில் மூன்று நாள் காய்ச்சல் அடித்தது, தொண்டை வலித்தது, பிறகு விட்டுப் போய்விட்டது. அடுத்த இரண்டு வாரத்தில் பிள்ளை மெலியத் தொடங்கினாள். 'தண்ணி, தண்ணி' என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். நாலு வயதில் நின்றுபோயிருந்த பழக்கம், ராத்திரியில் படுக்கையை நனைப்பது, திரும்பவும் வந்தது. அப்புறம் வாந்தி, வயிற்று வலி. பக்கத்திலிருந்த ஒரு மருத்துவமனையில் வயிற்றுக் கோளாறு என்று சொல்லிக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிள்ளைக்கு மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கத் தொடங்கியதும் பயந்துபோய் வேறிடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கருவியால் எண்ணாகக் காட்ட முடியாத உயரத்தில் இருந்தது சர்க்கரை.

பிழைத்துக்கொண்டாள். இன்சுலினோடு வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகுதான் விசாரணை ஆரம்பித்தது. 'சாக்லேட்டா வாங்கிக் குடுத்தே கெடுத்துட்டீங்க' என்றார் ஒருவர். 'உங்க பரம்பரையில யாருக்கு இருந்துச்சு?' என்று மருமகளைப் பார்த்துக் கேட்டார் மாமியார். இயற்கை மருத்துவத்தில் ஈடுபாடுள்ள நம் தோழர் ஒருவர், ஊசியை நிறுத்திவிட்டுச் சிறுதானியத்துக்கு மாற்றினால் ஆறே மாதத்தில் சரியாகிவிடும் என்றார். விசாரணை எங்கே தொடங்கினாலும் தீர்ப்பு தாயின்மேல் போய்த்தான் நின்றது. மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி மட்டும், 'அந்தக் காய்ச்சல்தான் புள்ளையக் கெடுத்துடுச்சு' என்றாள். படித்தவர்கள் சிரித்தார்கள்.

அந்தக் கிழவியின் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு யோசிப்பதே இக்கட்டுரை. காய்ச்சல் சர்க்கரையைக் கொண்டுவருமா? மருத்துவ அறிவியல் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இதே கேள்வியோடு மல்லுக்கட்டி வந்திருக்கிறது. அது கண்டடைந்த பதில் கிழவியை முழுக்க ஆதரிக்கவில்லை. சிரித்தவர்களையோ துளியும் ஆதரிக்கவில்லை.

2

முதலில் பெயர்ச் சிக்கல். 'சுகர்' என்று நாம் ஒரே சொல்லால் சுட்டுவது ஒரு நோயை அல்ல. ரத்தத்தில் சர்க்கரை கூடிப்போவது ஒரு அறிகுறி. அதற்கு இட்டுச்செல்லும் பாதைகள் வெவ்வேறு. நம்மைச் சுற்றிப் பெருவாரியாகக் காண்பது இரண்டாம் வகை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் நீரிழிவோடு வாழ்பவர்கள் 10.1 கோடிப் பேர் என மதிப்பிட்டது. இதில் ஆகப் பெரும்பான்மையோர் இரண்டாம் வகையினர். இவர்களுடைய உடலில் இன்சுலின் சுரக்கும். ஆனால் அது போதிய வேலை செய்யாது, நாளடைவில் சுரப்பும் குறையும். முதல் வகை வேறு. அதில் இன்சுலினைச் சுரக்கும் செல்களே அழிந்துபோகின்றன. குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் அதிகம் காணப்படுவது இது. எந்த வயதிலும் வரலாம். இனிப்புத் தின்பதால் வருவதல்ல.

கணையத்துக்குள் சிறுசிறு தீவுகளாகக் கிடக்கும் செல் கூட்டங்களை 1869-இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் ஜெர்மானிய மாணவர் கண்டு விவரித்தார். அவை எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. 1889-இல் மின்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்கு நீரிழிவு வந்தது. லாங்கர்ஹான்ஸ் திட்டுகளிலுள்ள பீட்டா செல்கள்தான் இன்சுலினைச் சுரக்கின்றன என்பது பின்னாளில் தெளிவாயிற்று. 1922 ஜனவரியில் டொரன்டோவில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன்பு முதல் வகை நீரிழிவு என்பது சில மாதங்களில், மிஞ்சிப்போனால் சில ஆண்டுகளில் நிறைவேறும் மரண தண்டனை.

இவ்விரண்டு வகைகளும் ஒரே பெயருக்குள் அடைபட்டுக் கிடப்பதால் நேரும் வன்முறை சாதாரணமானதல்ல. 'வாயைக் கட்டு, நட, உடம்பைக் குறை' என்று இரண்டாம் வகைக்காரர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை (அவர்கள் விஷயத்திலும் அது பாதி உண்மைதான்) ஒன்பது வயதுக் குழந்தையின் தாய்க்குக் குற்றப்பத்திரிகையாகிவிடுகிறது.

3

இனி வைரஸ். சந்தேகத்தின் வரலாறு நீண்டது. 1864-இல் ஸ்டாங் என்னும் நோர்வே மருத்துவர், பொன்னுக்குவீங்கிக்குப் பிறகு நீரிழிவு வந்த ஒருவரைப் பற்றிப் பதிவு செய்தார். வைரஸ் என்ற ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. 1926-இல் அமெரிக்காவில் ஆடம்ஸ் என்பவர், குழந்தைகளைத் திடீரென்று தாக்கும் நீரிழிவு ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதில்லை, பருவத்துக்குப் பருவம் கூடிக்குறைகிறது என்று கவனித்தார். பருவத்தோடு கூடிக்குறையும் நோய் என்றால் தொற்று நினைவுக்கு வருவது இயல்பு. 1969-இல் பிரிட்டனில் கேம்பிளும் அவரது சகாக்களும், புதிதாக நீரிழிவு கண்டவர்களின் ரத்தத்தில் காக்ஸாகி பி4 என்னும் வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருப்பதாகக் காட்டினார்கள்.

காக்ஸாகி என்பது நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் நதிக்கரையிலுள்ள ஒரு சிற்றூர். 1948-இல் அந்த ஊர்ப் பிள்ளைகளின் மலத்திலிருந்து இவ்வகை வைரஸைப் பிரித்தெடுத்ததால் ஊர்ப்பெயர் வைரஸுக்கு ஒட்டிக்கொண்டது. போலியோ வைரஸும் இதே குடும்பம்தான். என்டெரோ வைரஸ்கள், அதாவது குடலில் குடியேறுபவை. மலம், தண்ணீர், கை, வாய் என்று பயணிப்பவை. இவை தொற்றாத குழந்தை உலகத்தில் இருக்க முடியாது. பெரும்பாலும் சாதாரணக் காய்ச்சல், தொண்டை வலி. பல சமயம் அதுவும் இல்லை.

1979-இல் ஆகப் பரபரப்பான சாட்சியம் வந்தது. அமெரிக்காவில் நீரிழிவால் திடீரென்று தாக்கப்பட்டு இறந்துபோன பத்து வயதுச் சிறுவனின் கணையத்திலிருந்து காக்ஸாகி பி4-ஐ ஒத்த ஒரு வைரஸை யூன், நோட்கின்ஸ் உள்ளிட்டோர் பிரித்தெடுத்தனர். அதை எலிகளுக்குச் செலுத்தினர். குறிப்பிட்ட இனத்து எலிகளுக்கு நீரிழிவு வந்தது. நோயாளியிடமிருந்து கிருமி, கிருமியிலிருந்து மீண்டும் நோய் என்று காக் வகுத்த விதிகளின் வட்டம் பூர்த்தியானது போலத் தோன்றியது.

வழக்கு முடியவில்லை. ஏனென்றால் பெரும்பாலான குழந்தைகளிடம் கதை அப்படி நிகழ்வதில்லை என்று அதற்குள் தெரியத் தொடங்கியிருந்தது.

4

இங்கே ஒரு கோட்பாட்டுப் பிரச்சினை குறுக்கிடுகிறது. நம் வாசகர்களுக்கு இது ஆர்வமூட்டக்கூடும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் எர்லிஹ், உடல் தன்னையே தாக்கிக்கொள்வதை அஞ்சித் தவிர்க்கும் என்றொரு கருத்தை முன்வைத்தார். பின்னால் 1940-களில் ஆஸ்திரேலியரான பர்னெட், நோய் எதிர்ப்பு என்பது 'தான்', 'பிறிது' என்ற பாகுபாட்டை அறிவதே என்று விளக்கினார். எல்லைகளைக் காக்கும் இறையாண்மையுள்ள அரசு, ஊடுருவும் அந்நியன், எல்லைப்படை என்று நவீன தேசத்தின் சொல்லாடல் அப்படியே உடலுக்குள் இறங்கிற்று. இந்தச் சொல்லாடலுக்குள் நின்றுகொண்டு பார்க்கையில், உடலின் காவல் படையே உடலைக் கொல்லும் என்பது நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று. எர்லிஹ்ஹின் வாக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த நினைப்பைத் தடுத்து வைத்திருந்தது எனலாம். தைராய்டு சுரப்பியை உடலே தாக்கிக்கொள்ளும் நோயொன்று உண்டு என்பது 1956-இல்தான் நிறுவப்பட்டது. 1965-இல் பெல்ஜியத்தின் ஜெப்ட்ஸ், நோய் கண்ட கொஞ்ச காலத்தில் இறந்துபோன இளம் நீரிழிவாளர்களின் கணையத் திட்டுகளில் வெள்ளணுக்கள் மொய்த்துக் கிடப்பதைக் காட்டினார். 1974-இல் பொட்டாட்ஸோவும் சகாக்களும், திட்டுச் செல்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களை நோயாளிகளின் ரத்தத்தில் கண்டனர்.

இதன் பிறகு படம் மாறிவிட்டது. முதல் வகை நீரிழிவில் பீட்டா செல்களை அழிப்பது பெரும்பாலும் உடலின் சொந்த எதிர்ப்பு மண்டலமே. அந்த அழிவு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் நடக்கிறது. பெரும்பகுதிச் செல்கள் போன பிறகுதான் தாகமும் மெலிவும் வெளியே தெரிகின்றன. அப்படியானால் நண்பரின் மகளுக்கு இரண்டு வாரம் முன்பு வந்த காய்ச்சல்? காய்ச்சல் சமயத்தில் உடலுக்கு இன்சுலின் கூடுதலாகத் தேவைப்படும். ஏற்கெனவே வற்றிக்கொண்டிருந்த கிணற்றில் அன்றைக்குக் கூடுதலாக இறைத்ததால் தரை தெரிந்தது, அவ்வளவுதான். கிணற்றை வற்றவைக்கத் தொடங்கிய காய்ச்சல் ஒன்று இருந்திருக்குமானால், அது ஐந்தாறு வருஷத்துக்கு முன்பு வந்து யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளாமல் போன ஒரு சளியாக இருக்கலாம். கிழவி சொன்னதில் உண்மை இருந்தது. அவள் சுட்டிக்காட்டிய காய்ச்சல்தான் வேறு.

சரி, வைரஸ் எப்படி இதைத் தொடங்கி வைக்கும்? பல வழிகள் முன்மொழியப்பட்டுள்ளன. ஒன்று, காக்ஸாகி பி வகை வைரஸ்கள் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் புரதக் கொக்கி பீட்டா செல்லில் நிறைய உண்டு. உள்ளே புகுந்து செல்லை நேரடியாகக் கொல்லலாம். இரண்டு, செல் சிதையும்போது வழக்கமாக மறைந்திருக்கும் அதன் புரதங்கள் வெளியே சிந்த, எதிர்ப்பு மண்டலம் அவற்றையும் எதிரிப் பட்டியலில் சேர்த்துவிடலாம். மூன்று, உருவ ஒற்றுமை: வைரஸின் ஒரு புரதத்தில் வரும் சிறு தொடர் பீட்டா செல்லின் காட் என்னும் புரதத்திலும் வருகிறது, ஒன்றுக்கு எதிராகப் பயின்ற அணு மற்றொன்றையும் தாக்கலாம். நான்கு, வைரஸ் முழுதாக வெளியேறாமல் குறைந்த அளவில் செல்லுக்குள்ளேயே தங்கிவிடலாம். தங்கியிருக்கும் செல் 'எனக்குள் ஏதோ இருக்கிறது' என்று இடைவிடாமல் அறிவித்துக்கொண்டிருக்கும். அந்த அறிவிப்பே தாக்குதலை அழைத்து வரும்.

மரபணு ஆய்வு இதில் ஒரு வேடிக்கையைக் காட்டிற்று. வைரஸ் நுழைந்ததை உணர்ந்து எச்சரிக்கை மணியடிக்கும் புரதம் ஒன்று உண்டு. அதற்குரிய மரபணுவில், மணியின் ஓசையைக் குறைக்கும் அரிய மாற்றங்கள் உடையவர்களுக்கு முதல் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு குறைவு என்று 2009-இல் தெரியவந்தது. அதாவது, விழிப்பு மிகுந்த காவல் உள்ளவருக்கே ஆபத்து அதிகம். 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கள்' என்று கூவி விற்கும் கஷாயக்காரர்களும் டப்பா மாவுக்காரர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நோயைப் போராகவும் உடலைக் கோட்டையாகவும் உருவகிப்பது நோயாளியையே குற்றவாளியாக்கும் என்று 1978-லும் 1989-லும் எழுதிய இரு நூல்களில் சூசன் சொண்டாக் எச்சரித்தார். இந்த நோயைப் பொறுத்தமட்டில் அந்த உருவகம் அறத்தோடு உண்மையிலும் தவறுகிறது.

5

மரபணு மட்டுமே காரணமாக இருக்க முடியாது என்பதற்கு வலுவான சான்று பின்லாந்து. உலகிலேயே குழந்தைகளுக்கு முதல் வகை நீரிழிவு மிக அதிகமாக வரும் நாடு அது. 1980-இல் பதினைந்து வயதுக்குட்பட்ட லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்குச் சுமார் 31 பேருக்குப் புதிதாக வந்தது. 2005-இல் அது 64. இருபத்தைந்து ஆண்டில் ஒரு மக்கள் கூட்டத்தின் மரபணு இரட்டிப்பாக மாறாது. மாறியது சூழல். ஒரே கருமுட்டையில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்கு வந்தே தீரும் என்பதுமில்லை.

பின்லாந்தின் கிழக்கெல்லைக்கு அப்பால் ரஷ்யாவின் கரேலியா. 1940-களின் போர்கள் வரைந்த எல்லை அது. இருபுறத்தாரும் மரபணு ரீதியில் நெருங்கிய உறவினர். ஆனால் கரேலியாவில் இந்நோய் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். வைரஸ்தான் காரணமென்றால் கரேலியாவில் வைரஸ் குறைவாக இருக்க வேண்டும் அல்லவா? சோதித்துப் பார்த்தார்கள். நேர்மாறாக இருந்தது. வசதி குறைந்த கரேலியாவின் பிள்ளைகளிடம்தான் என்டெரோ வைரஸ் தொற்றின் தடயங்கள் அதிகம்.

எப்படிப் புரிந்துகொள்வது? போலியோவின் வரலாறு ஒரு சாவி தருகிறது. சுகாதாரம் மோசமாயிருந்த காலத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் போலியோ வைரஸ் மிகச் சிறு வயதிலேயே, தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்களின் காப்பு இருக்கும்போதே தொற்றிவிடும்; பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. சுகாதாரம் மேம்பட்டுத் தொற்று தள்ளிப்போனபோதுதான், அந்தக் காப்பு தீர்ந்த பிறகு வைரஸைச் சந்தித்த பிள்ளைகள் முடமானார்கள். நீரிழிவிலும் இப்படி இருக்கலாம் என்பது ஒரு கருதுகோள். பழக்கப்படாத எதிர்ப்பு மண்டலம் தன்னையே தாக்கும் என்பது இன்னொன்று. எலிகளிலும் இதற்குச் சான்று உண்டு. தானாகவே நீரிழிவு வரும்படி வளர்க்கப்பட்ட எலி இனமொன்றில், சிறு வயதிலேயே ஒரு வைரஸைத் தொற்றவைத்தால் நீரிழிவு வராமல் போகிறது என்று 1988-இல் ஓல்ட்ஸ்டோன் காட்டினார். ஆக, வைரஸ் நோயைத் தரவும் செய்யும், தடுக்கவும் செய்யும். எந்த வைரஸ், எந்த வயதில், எந்த மரபணு உள்ள உடலில், எவ்வளவு காலம் என்பதைப் பொறுத்தது.

இந்த 'எவ்வளவு காலம்' என்பது முக்கியம். அமெரிக்கா, பின்லாந்து, ஜெர்மனி, ஸ்வீடன் ஆகிய நான்கு நாடுகளில், மரபணு ரீதியில் ஆபத்துள்ள எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்து வரும் 'டெடி' ஆய்வின் முடிவுகள் 2019-இல் வந்தன. மாதாமாதம் சேகரித்த மலத்தைப் பரிசோதித்ததில், வந்துபோகும் தொற்றுகளுக்கும் திட்டுகளுக்கு எதிரான எதிர்ப்பொருள் தோன்றுவதற்கும் தொடர்பு தென்படவில்லை. ஒரே என்டெரோ வைரஸ் பி நெடுநாள் வெளியேறாமல் நீடித்த குழந்தைகளிடம் தொடர்பு தெரிந்தது. நோர்வேயில் புதிதாக நோய் கண்ட ஆறு பேர் தம் கணையத்தின் சிறு துண்டை அறுத்தெடுக்க இசைந்தார்கள். ஆறு பேரின் திட்டுகளிலும் வைரஸ் புரதத்தின் தடயம் இருந்ததாக 2015-இல் அறிவிக்கப்பட்டது. அறுவையின் பின்விளைவுகள் கடுமையாக இருந்ததால் அவ்வாய்வு ஆறு பேரோடு நிறுத்தப்பட்டது. நாம் இன்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும் அறிவுக்குப் பின்னால் அந்த ஆறு பேரின் வலி இருக்கிறது.

அதே குழுவினர் 2023-இல் அடுத்த படியை வைத்தார்கள். நோய் கண்டு மூன்று வாரத்துக்குள்ளான 96 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு இரண்டு வைரஸ் எதிர்ப்பு மருந்துகளை ஆறு மாதம் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களுடைய சொந்த இன்சுலின் சுரப்பு, வெறும் மாத்திரை பெற்றவர்களைவிடக் கூடுதலாக எஞ்சியிருந்தது. நோய் குணமாகவில்லை. ஆனால் வைரஸை ஒடுக்கினால் அழிவு மெதுவாகிறது என்றால், வைரஸுக்கு இதில் பங்கு உண்டு என்று வாதிட வலு கிடைக்கிறது.

6

மேற்கண்டவை இன்னும் நடந்துகொண்டிருக்கும் விவாதங்கள். ஐயம் குறைந்த இரண்டு சந்தர்ப்பங்களும் உண்டு. அரசியல் இவற்றில்தான் பளிச்சென்று தெரிகிறது.

ஒன்று ருபெல்லா. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தாய்க்கு இது வந்தால் குழந்தை கண்புரையோடும் காது கேளாமலும் இதயக் கோளாறோடும் பிறக்கும் என்பதை 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக்கின் கவனிப்பு வெளிக்கொண்டு வந்தது. அப்படிப் பிறந்தவர்களை வளர்ந்த பிறகும் தொடர்ந்து கவனித்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு வந்திருந்தது. தடுப்பூசி பரவிய நாடுகளில் இந்த வகை நீரிழிவு அநேகமாக மறைந்தே போயிற்று. வைரஸைத் தடுத்து நீரிழிவைத் தடுத்ததற்கு இன்றுவரை உறுதியாகச் சொல்லக்கூடிய உதாரணம் இது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுவரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை - ருபெல்லா ஊசி போடும் இயக்கம் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வதந்திகளைக் கேட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திய பெற்றோர் உண்டு. அரசின் மேலுள்ள நியாயமான அவநம்பிக்கையை நாம் அந்த வதந்திகளுக்கு இரவல் கொடுத்தோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது ஹெபடைடிஸ் சி. 1989-இல் அடையாளம் காணப்பட்ட இந்தக் கல்லீரல் வைரஸ் தொடர்வது இரண்டாம் வகை நீரிழிவோடு. அமெரிக்காவில் 1988 - 94 காலகட்டத்தின் தேசிய ஆய்வுத் தரவுகளின்படி, நாற்பது வயதைக் கடந்தவர்களில் இவ்வைரஸ் உடையவர்களுக்கு நீரிழிவு இருக்கும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல். வைரஸின் புரதங்கள் கல்லீரல் செல்லுக்குள் இன்சுலின் தரும் சைகையைக் கெடுக்கின்றன. மருந்தால் வைரஸை ஒழித்த பிறகு பலருக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்படுவதும் பதிவாகியிருக்கிறது.

இந்த வைரஸ் உலகிலேயே மிக அதிகமாகப் பரவியிருந்த நாடுகளில் ஒன்று எகிப்து. 2008-இல் 15 முதல் 59 வயதுடையோரில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கும் மேல் அதன் எதிர்ப்பொருள் இருந்தது. ஏன் எகிப்து? நைல் பாசன வாய்க்கால்களில் வேலை செய்த விவசாயிகளுக்கு நத்தைக் காய்ச்சல் என்னும் ஒட்டுண்ணி நோய் வரும். அதை ஒழிக்க 1980-கள் வரை அரசு ஊர் ஊராகச் சென்று ஊசி மருந்து செலுத்திற்று. ஊசிகள் சரியாகக் கொதிக்கவைக்கப்படாமல் கைக்குக் கை மாறின. ஒரு நோயைக் குணப்படுத்தச் சென்ற அரசின் கை இன்னொரு நோயை விதைத்தது. அந்த விவசாயிக்கு அறுபது வயதில் சர்க்கரை வந்தால், 'உன் வாழ்க்கைமுறைதான் காரணம்' என்று எந்த மருத்துவர் சொல்ல முடியும்? அதே எகிப்து 2018 - 19-இல் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேரைப் பரிசோதித்து, நோயுற்றவர்களுக்கு இலவசமாக மருந்து கொடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அரசு நினைத்தால் திருத்தவும் முடியும்.

கொரோனா பற்றியும் ஒரு வார்த்தை. 2020-க்குப் பிறகு புதிதாக நீரிழிவு கண்டவர்கள் கூடினார்கள் என்று பல நாடுகளிலிருந்து அறிக்கைகள் வந்தன. அதில் ஒரு பகுதி, முன்பே இருந்து தெரியாமலிருந்தது காய்ச்சலுக்குப் பரிசோதிக்கையில் தெரியவந்தது. ஒரு பகுதி, ஸ்டீராய்டு மருந்து ஏற்றிவிட்ட சர்க்கரை. ஜெர்மனியின் பவேரியாவில் 2024-இல் வந்த ஆய்வு, ஏற்கெனவே திட்டு எதிர்ப்பொருள் உள்ள குழந்தைகளிடம் கொரோனா நோயை விரைவுபடுத்தியதாகக் காட்டிற்று. இந்தியாவில் 2021-இல் கறுப்புப் பூஞ்சை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியபோது, அதில் பெரும்பாலோர் நீரிழிவாளர்கள். வைரஸ், சர்க்கரை, கண்மூடித்தனமாக எழுதித் தரப்பட்ட ஸ்டீராய்டு, கிடைக்காத படுக்கை: இந்த நான்கில் எதைத் தனியாகப் பிரித்து 'காரணம்' என்று பெயர் சூட்டுவது?

7

'காரணம்' என்ற சொல் மருத்துவத்தில் விளக்கமாக இருக்கிறது; வீட்டுக்குள் வரும்போது தீர்ப்பாகிவிடுகிறது. யாரையாவது பொறுப்பாக்காமல் அது அடங்குவதில்லை. நம் சமூகத்தில் அந்தப் பொறுப்பு பெண்ணின் தலையிலும் ஏழையின் வாயிலும் சென்று விழும் வேகம் நமக்குத் தெரியும். முதல் வகை நீரிழிவு பற்றி இன்று கிடைக்கும் அறிவு அந்தத் தீர்ப்பைச் சாத்தியமற்றதாக்குகிறது. மரபணுவின் ஒரு சாய்வு, எப்போதோ வந்து போகாமல் தங்கிய ஒரு வைரஸ், அதைச் சந்தித்த வயது, தன்னைப் பிறிதெனப் பிழையாகப் படித்த ஒரு காவல். இவை சந்தித்துக்கொண்ட இடம் அந்தக் குழந்தை. அம்மா வாங்கிக் கொடுத்த சாக்லேட் இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.

வைரஸ் என்று சொன்னதும் வேறொரு ஆபத்து முளைக்கும். 'அப்போ இது ஒட்டுமா?' என்பார்கள். ஒட்டாது. தொற்றுவது வைரஸ், நீரிழிவு தொற்றாது. அந்த வைரஸைச் சந்தித்த ஆயிரமாயிரம் பிள்ளைகளில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. தீட்டு என்ற கருத்தாக்கத்தைப் பல நூற்றாண்டுகளாகப் பழகிய மண்ணில், பள்ளிக்கூடத்தில் அவள் டிபன் பாக்ஸைத் தொடாதே என்று சொல்வதற்கு இந்தக் கட்டுரையை யாரும் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

கடைசியாக, நம் தோழருக்கு. நவீன மருத்துவத்தின் அதிகாரத்தை விமர்சிக்க ஃபூக்கோவிடமும் இவான் இல்லிச்சிடமும் நாம் கற்றுக்கொண்டது வீண்போகவில்லை. முதல் மருத்துவமனையில் சர்க்கரையைப் பார்க்காமலேயே குளுக்கோஸ் ஏற்றியதும், கிழவியின் சொல்லைக் கேட்டுச் சிரித்ததும் அந்த விமர்சனத்துக்கு உரியவையே. 1923-இல் இன்சுலினின் காப்புரிமையைக் கண்டுபிடித்தவர்கள் ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரன்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். நூறாண்டு கழித்து உலகச் சந்தையின் பெரும்பகுதியை மூன்றே நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. விமர்சனம் போய்ச் சேர வேண்டிய இடம் இது. ஒன்பது வயதுப் பெண்ணின் ஊசியை நிறுத்துவது விமர்சனமாகாது. பீட்டா செல்கள் அழிந்த உடலில் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களில் ரத்தம் அமிலமாகும், மூச்சு வாங்கும், பிள்ளை சாகும். சிறுதானியம் நல்ல உணவு. அது இன்சுலினாக முடியாது.

நண்பர் ஊசியை நிறுத்தவில்லை. இப்போது அவளே தொடையில் போட்டுக்கொள்கிறாள். எங்கள் வட்டாரத்தில் இனி யார் வீட்டுக் குழந்தைக்காவது தீராத தாகம், திடீர் மெலிவு, ராத்திரியில் திரும்ப வந்த படுக்கை நனைப்பு என்று கேள்விப்பட்டால், உடனே ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று அவள் அம்மா போய்ச் சொல்கிறார். பாடப் புத்தகத்தில் படித்ததல்ல அது. ஆனால் நம் எல்லோருடைய கட்டுரைகளையும்விட அது உயிர்களைக் காக்கும்.